விலையைக் கேட்பதற்கு முன் லென்ஸைக் கேளுங்கள்: பழைய உயர்தர சிடி பிளேயர் வாங்குபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் அடையாறில் ஒரு வீட்டில் பழைய சிடி பிளேயர் ஒன்றை வாங்கினேன். தொண்ணூறுகளின் சரக்கு. முன்பக்கம் முழுக்க அலுமினியம், இருபுறமும் பளபளவென்று மரப்பலகை, 11 கிலோ எடை. வீட்டுக்காரர் ஒரு தட்டைப் போட்டு மூன்று பாட்டு வைத்துக் காட்டினார். மூன்றும் அருமை. பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. ஆட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்று இரவு ஒரு கச்சேரித் தட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஒழுங்காகப் பாடியது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு கணக்கை எடுத்தார், மூன்று தட்டு தட்டினார், அதே மூன்றைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார். கோர்வை வைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பாய் மூடியைக் கழற்றி இரண்டு நிமிடம் பார்த்தார். "தம்பி, செட்டு தங்கம். குறை சொல்றதுக்கே இல்ல. லென்ஸ்தான் போயிடுச்சு. இந்த லென்ஸ் இப்ப எங்கயும் வர்றதில்ல" என்றார். அந்தத் தங்கம் இப்போது என் வீட்டில் ஸ்பீக்கர் ஒன்றுக்கு மணையாக இருக்கிறது.

அன்றிலிருந்து நான் பழைய சிடி பிளேயர் பார்க்கப் போகும் வரிசையே மாறிவிட்டது. பெயர், சத்தம், விலை எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, உள்ளே என்ன லென்ஸ், அது இன்றைக்குக் கிடைக்குமா என்பதுதான். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா?

வீட்டில் இருக்கும் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். இருபது, முப்பதுதான் என்றால் கணினியில் ஏற்றிவைத்து, ஒரு நல்ல டிஏசி வழியாகக் கேட்டால் போதும். (எண்களாகப் பதிந்திருக்கும் இசையை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின்னலையாக மாற்றுவதுதான் டிஏசி. சிடி பிளேயருக்குள்ளும் அது உண்டு, தனிப் பெட்டியாகவும் கிடைக்கும்.) இருநூறு, முந்நூறு தட்டு சேர்த்து வைத்திருப்பவர், இன்னும் வாங்கிக்கொண்டிருப்பவர், எழுந்து போய்த் தட்டைப் போட்டுவிட்டு வந்து உட்காரும் அந்தச் சடங்கு பிடித்தவர், இவர்களுக்குத்தான் பிளேயர்.

இணைப்பு பெரிய விஷயமில்லை. சிடி பிளேயர் பொதுவாக 2 வோல்ட் அளவுக்கு சிக்னல் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயரில் சிடி, ஆக்ஸ், லைன் என்று எழுதிய எந்த ஓட்டையிலும் செருகலாம். போனோ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டின் ஊசிக்கு உரியது, அதில் சிடியைக் கொடுத்தால் காது கிழியும்.

லென்ஸ் என்கிற சமாச்சாரம்

கடைத்தெருவில் 'லென்ஸ்' என்றால் வெறும் கண்ணாடித் துண்டு இல்லை. லேசர், அதன் மேல் நிற்கும் லென்ஸ், திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும் சென்சார், லென்ஸை அசைக்கும் சுருள் எல்லாம் சேர்ந்த ஒரு யூனிட். அது செய்யும் வேலையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று புரியும். சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் 40 தடம் அடங்கிவிடும். சுழலும்போது தட்டு மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் ஈடுகொடுத்து, மெல்லிய கம்பியிலோ பிளாஸ்டிக் கீலிலோ தொங்கும் லென்ஸ், நொடிக்குப் பல தடவை அசைந்து தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது.

இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சிடி நேர் எதிர், உள்ளே ஆரம்பித்து விளிம்பில் முடியும். உள்வட்டத்தைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்புக்குப் போகப் போகக் குறைந்து சுமார் 200. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சோதிக்கும்போது வேண்டியிருக்கும்.

வயதாகும்போது என்னென்ன போகும்? லேசரின் வெளிச்சம் மங்கும், அதற்கு மருந்தில்லை. லென்ஸில் தூசியும் அடுப்படிப் புகையின் பிசுக்கும் படியும், இதைத் துடைத்துவிடலாம். தட்டைச் சுற்றும் மோட்டார் தேயும். லென்ஸ் யூனிட் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்து கோந்து மாதிரி ஆகும். இரண்டாவதும் நான்காவதும் ஒரு பிற்பகல் வேலை. முதலாவதும் மூன்றாவதும் வந்தால் உதிரிபாகம் கிடைத்தே ஆக வேண்டும்.

உலகத்தில் ஆயிரக்கணக்கான மாடல் சிடி பிளேயர் வந்தாலும் உள்ளே இருக்கும் லென்ஸ் வகைகள் கொஞ்சம்தான். பெரும்பாலும் பிலிப்ஸ் அல்லது சோனி, அப்புறம் சான்யோ. பிலிப்ஸின் ஆரம்பகால சிடிஎம்-1, சிடிஎம்-2, சிடிஎம்-4 எல்லாம் இசைத்தட்டுக் கை மாதிரி ஊசலாடும் கை கொண்டவை. அவற்றில் சிடிஎம்-1 வார்ப்பு உலோக உடம்பும் கண்ணாடி லென்ஸும் கொண்டது. முப்பது, நாற்பது வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும் சிடிஎம்-1 பிளேயர்கள் உண்டு. ஆனால் போனால் போனதுதான், இன்னொரு பழைய பிளேயரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சிடிஎம்-12 வந்தபோது ஊசல் கை போய், நேராக நகரும் வண்டி வந்துவிட்டது. பல உயர்தர பிளேயர்களில் இருந்த பிலிப்ஸ் சிடி-ப்ரோ2 மெக்கானிசத்தின் உற்பத்தியும் நின்றுவிட்டது.

சோனி பக்கம் கேஎஸ்எஸ்-240ஏ, கேஎஸ்எஸ்-213 இரண்டும் அடிக்கடி கண்ணில் படும். இதில் ஒரு வேடிக்கை. கேஎஸ்எஸ்-213 வகை லென்ஸ், கைப்பிடி வைத்த சாதாரண சிடி-டேப் பெட்டிகளிலும் இருந்தது, விலை உயர்ந்த பிளேயர்களிலும் இருந்தது. அதனால்தான் இன்றும் கிடைக்கிறது. பெருமைக்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு இதுவே வாங்குவதற்கான காரணம். நகல்களும் நிறைய உலவுகின்றன. அதனால் லென்ஸ் மட்டும் வாங்குவதாக இருந்தால், மலிவாக இருக்கிறதே என்று வாங்காமல், அந்தக் கடையில் ஏற்கனவே வாங்கிப் பொருத்தியவரைக் கேட்டு வாங்குங்கள்.

டீயக்கின் விஆர்டிஎஸ் மாதிரி தனி ரகமும் உண்டு. மேலிருந்து ஒரு கனத்த வட்டத் தகடு இறங்கித் தட்டை முழுப் பரப்பிலும் அழுத்திப் பிடித்துச் சுற்றும். பார்க்கவே கம்பீரம். டீயக்கின் உயர்தரப் பெயரான எசோட்டெரிக்கில் இதுதான் முக்கிய விஷயம். பிடிமானம் இரும்பாக இருந்தாலும் படிப்பது அதே சின்ன லென்ஸ்தான் என்பதை மறக்க வேண்டாம்.

1999-இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சிடியைவிட நுணுக்கமாக இசையைப் பதிந்த தட்டு) பிளேயர்கள் இன்னும் கொஞ்சம் சிக்கல். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், எஸ்ஏசிடிக்கு 650. சிடி ஒழுங்காகப் பாடும், எஸ்ஏசிடியைப் போட்டால் தட்டே இல்லை என்று சொல்லும் பிளேயர்கள் சந்தையில் தாராளம். எஸ்ஏசிடி என்று சொல்லி விற்றால் எஸ்ஏசிடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, மாடல் பெயரை வைத்துக்கொண்டு அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடி உள்ளே இருக்கும் லென்ஸின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணைத் தனியாகத் தேடிப் பாருங்கள். புதிது கிடைக்கிறதா, பழையது மட்டுமா, ஒன்றுமே இல்லையா? ஒன்றுமே இல்லை என்றால் நான் விற்பவருக்குப் போன்கூடப் போடுவதில்லை.

போனில்

'வொர்க்கிங் கண்டிஷன்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் 'லைட் எரியுது' என்று பொருள். அதனால் நேராகக் கேளுங்கள்.

"சார், கடைசியா எப்ப ஒரு முழுத் தட்டு போட்டுக் கேட்டீங்க?" இதுதான் என் முதல் கேள்வி. "நேத்து ராத்திரி" என்று சொல்பவர் ஒரு ரகம். "அப்பா இருந்தப்ப டெய்லி போடுவாரு, இப்ப பரண்ல இருக்கு" என்பவர் இன்னொரு ரகம். இரண்டாமவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பரண் வெயிலில் ஐந்து வருடம் கிடந்த பிளேயரின் ரப்பர் பெல்ட் கரைந்திருக்கும், அதற்கேற்ப விலை பேசலாம். லென்ஸ் எப்போதாவது மாற்றினார்களா, யார் மாற்றியது என்று கேளுங்கள். ரிமோட் இருக்கிறதா என்று கேளுங்கள். சில உயர்தர பிளேயர்களில் முன்பக்கம் நான்கு பொத்தான்தான் இருக்கும், மற்ற எல்லாமே ரிமோட்டில். தட்டை மேலிருந்து வைக்கும் ரகமாக இருந்தாலோ, நெய்ம் பிளேயர்கள் மாதிரி கதவோ டிராயரோ திறந்து வைக்கும் ரகமாக இருந்தாலோ, தட்டின் நடுவில் வைக்கும் காந்தக் குமிழ் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஏதோ மருந்து பாட்டில் மூடி என்று நினைத்து வீட்டில் யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள். அது இல்லாமல் தட்டு நிற்காது.

எங்கே வாங்கியது? இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தாலும் மறக்காமல் கேட்க வேண்டும்.

பின்பக்கத் தகடு

ஜப்பான் உள்ளூர் சந்தைக்கான பிளேயர் என்றால் 100 வோல்ட். அமெரிக்கா என்றால் 120. நம் வீட்டில் 230. பின்பக்கம் ஒட்டியோ அச்சடித்தோ இருக்கும் தகட்டைப் படிக்காமல் எந்த பிளேயரையும் பிளக்கில் செருகாதீர்கள், விற்பவர் செருகினாலும் தடுத்துவிட்டுப் படியுங்கள். அழகான ஜப்பான் பிளேயர்கள் ஏலத்தில் மலிவாகத் தெரிவதற்கு இந்த 100 வோல்ட்டும் ஒரு காரணம்.

ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும். ஆனால் நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். "பத்து வோல்ட்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுராத்திரியில் நம் லைனில் 250 வந்தால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கொடுப்பது கிட்டத்தட்ட 120. நூறுக்குப் பழகிய பிளேயருக்கு அது இருபது சதவீதம் அதிகம். உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கொதிக்கும், பக்கத்தில் இருக்கும் கண்டென்சர்கள் காயும். சரியான 100 வோல்ட்டுக்குச் சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், சுற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிடி பிளேயர் சாப்பிடுவது சில பத்து வாட்தான், 100 விஏ தாராளம். டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உம்மென்ற ரீங்காரம் ஸ்பீக்கரில் வரும்.

பையில் எடுத்துப்போக வேண்டிய தட்டுகள்

விற்பவர் போடும் தட்டை நம்பாதீர்கள். அது அந்த பிளேயரில் ஓடும் என்று அவருக்கு ஏற்கனவே தெரியும். நான் நான்கு தட்டு எடுத்துப்போவேன்.

முதலாவது, 70 நிமிடத்துக்கு மேல் நீளும் கடையில் வாங்கிய தட்டு. இதற்குக் கச்சேரித் தட்டைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. வர்ணம் உள்வட்டத்தில், மங்களம் விளிம்பில். முதலில் வர்ணத்தைப் போடுங்கள். அங்கே மோட்டார் முழு வேகத்தில் ஓட வேண்டும், தேய்ந்த மோட்டார் அங்கேதான் திணறும். பிறகு நேராகக் கடைசித் துக்கடாவுக்குத் தாவுங்கள். அங்கே தட்டின் ஆட்டம் அதிகம், தண்டவாளமும் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தாவச் சொல்லி எத்தனை நொடியில் பாட்டு வருகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று நொடி என்றால் சந்தோஷம். தேடித் தேடி, திரும்பி வந்து, மறுபடி போனால் ஏதோ ஒன்று களைத்துப்போயிருக்கிறது.

இரண்டாவது, வீட்டில் எழுதிய சிடி-ஆர். லேசர் மங்கினால் முதலில் தகராறு செய்வது பெரும்பாலும் இதில்தான். ஆனால் அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ எடுத்துப் போய்ச் சோதிக்காதீர்கள். அது ஒளியைத் திருப்பித் தருவது மிகவும் குறைவு, நல்ல நிலையில் இருக்கும் பழைய பிளேயர்களே அதைப் படிக்காது. அதைப் போட்டுக் காட்டி விலையைக் குறைப்பது நியாயமில்லை.

மூன்றாவது, நானே தயார் செய்தது. உதவாத பழைய தட்டு ஒன்றை எடுத்து, படிக்கும் பக்கத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரை பர்மனென்ட் மார்க்கரால் 1 மில்லிமீட்டர் தடிமனில் நேர்கோடு ஒன்று போட்டிருக்கிறேன். சைக்கிள் சக்கரத்தின் ஒற்றைக் கம்பி மாதிரி. சிடியில் பிழை திருத்தும் கணக்கு ஒன்று பதிந்திருக்கிறது. தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் மறைந்தாலும், சிதறிக் கிடக்கும் மற்ற எண்களை வைத்து விட்டுப்போனதை மீட்டுவிடும். ஆரோக்கியமான பிளேயர் ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கருப்புக் கோட்டைத் தாண்டும், உங்கள் காதுக்குத் தெரியவே தெரியாது. களைத்த பிளேயர் கோட்டில் தடுக்கி டிக் டிக் என்னும், இல்லாவிட்டால் அடுத்த தடத்துக்கு வழுக்கிவிடும். ஐந்து நிமிடத்தில் இவ்வளவு சொல்லும் சோதனை வேறு எனக்குத் தெரியாது. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள், கோடு போட்ட தட்டைப் பார்த்துப் பயந்துவிடுவார்.

நான்காவது, எஸ்ஏசிடி. அந்த வசதி உள்ள பிளேயருக்கு மட்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது நேரம். ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். என் மிருதங்கக்காரர் நாற்பதாவது நிமிடத்தில்தான் மாட்டிக்கொண்டார். சூடேறியபின் வரும் கோளாறு மூன்று பாட்டில் தெரியாது. "ஒரு மணி நேரம் உட்காரலாமா சார்" என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். காபி கொடுத்து உட்கார வைப்பவரிடம் பெரும்பாலும் நல்ல பிளேயர்தான் இருக்கிறது. "வேலை இருக்கு, சீக்கிரம் பாருங்க" என்றால் வாசலோடு திரும்பிவிடுவேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு பிளேயருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். மெல்லிய ஸ்ஸ்ஸ் சத்தம் இயல்பு. கரகரவென்று அரைக்கும் ஓசையோ, சீரான இடைவெளியில் கீச்சென்ற ஓசையோ வந்தால் மோட்டாரின் பேரிங். டிரேயை நாலைந்து முறை திறந்து மூடுங்கள். தயங்கி நின்றால் பெல்ட், அது சில்லறைச் செலவு, அதற்காக நல்ல பிளேயரை விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கள் ஒளிரும் திரையை அறையை இருட்டாக்கியும் வெளிச்சத்திலும் பாருங்கள். மங்கிப்போன திரைக்கு மாற்றுத் தேடுவது கஷ்டம்.

பின்பக்கம் டிஜிட்டல் அவுட்புட் இருந்தால் அதையும் ஒரு டிஏசியில் செருகிச் சோதியுங்கள். நாளைக்கு உள்ளே இருக்கும் டிஏசி போனாலும் பிளேயர் பிழைத்துக்கொள்ளும். எஸ்ஏசிடியின் இசை பொதுவாக அந்த வழியாக வெளியே வராது, அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

மூடியைத் திறக்க விட்டால்

விட்டால் நல்லது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். மூக்கைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். கண்டென்சர் ஒழுகியிருந்தால் சில சமயம் கருவாட்டு வாடை மாதிரி ஒன்று வரும். போர்டில் கண்டென்சரின் காலடியில் பழுப்புக் கறை, மேல்பக்கம் உப்பியிருப்பது இவற்றையும் பாருங்கள். கடற்கரை ஊர்களில் இருந்த பிளேயர் என்றால் திருகுகளிலும் டிரான்ஸ்ஃபார்மர் தகட்டிலும் துரு எவ்வளவு என்று பார்த்தாலே வாழ்ந்த வாழ்க்கை தெரிந்துவிடும். பல்லி முட்டை இருப்பது சகஜம், அதற்குக் கவலைப்படாதீர்கள்.

லென்ஸ் யூனிட்டின் பக்கத்திலோ அடியிலோ, பல வகைகளில், ஒரு குட்டித் திருகு இருக்கும். லேசருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிம்மர். அதன் மேல் தொழிற்சாலை வைத்த பெயிண்ட் பொட்டு உடைந்திருந்தாலோ ஸ்க்ரூடிரைவர் கீறல் தெரிந்தாலோ, யாரோ மங்கிய லேசரை முறுக்கி எழுப்பியிருக்கிறார்கள். கிழட்டு மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுவது மாதிரி. கொஞ்ச நாள் பிரமாதமாக ஓடும், விற்கிற அன்றைக்கு நிச்சயம் ஓடும். நல்ல மெக்கானிக் ஆசிலாஸ்கோப்பில் சிக்னலின் வடிவத்தைப் பார்த்துத்தான் அதில் கைவைப்பார். அடுக்கடுக்காக வைர வடிவங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஸ்கோப் இல்லாமல் திருகைத் தொடும் ஆளிடம் உங்கள் பிளேயரைக் கொடுக்காதீர்கள்.

லேசர் எரிகிறதா என்று லென்ஸுக்கு நேரே குனிந்து பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். 780 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் விழித்திரையில் விழுவது அதைவிட அதிகம்.

சத்தம், சிப்பு, கிரீடம்

இவ்வளவு நேரம் சத்தத்தைப் பற்றியே பேசவில்லையே என்று கேட்பீர்கள். முதல் சிடி பிளேயரான சோனி சிடிபி-101 ஜப்பானில் 1982 அக்டோபர் 1 அன்று விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் பிலிப்ஸ் 14 பிட் டிஏசி சிப்பை வைத்து, பதிந்த எண்களுக்கு நடுவே கணக்கிட்ட எண்களைச் சேர்க்கும் நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் என்ற உத்தியால், சிடியில் பதிந்திருக்கும் 16 பிட்டுக்குச் சமமாகக் கொண்டுவந்தது. அப்புறம் வந்த பிலிப்ஸின் 16 பிட் சிப் டிடிஏ1541, அதன் டிடிஏ1541ஏ வடிவம், இரண்டுக்கும் இன்றுவரை ரசிகர் மன்றம் இருக்கிறது. தேர்ந்தெடுத்த சிப்புகளின் மேல் கிரீடம் அச்சடித்து வெளியிட்டார்கள். எஸ்1 என்றால் ஒற்றைக் கிரீடம், எஸ்2 என்றால் இரட்டை. இன்று கிரீடத்துக்குத் தனி விலை, போலிக் கிரீடங்களும் உண்டு.

எனக்கு அந்தக் காலத்து மரான்ட்ஸ், பிலிப்ஸ் பிளேயர்களின் சத்தம் பிடிக்கும். குரலில் ஒரு சதைப்பற்று இருக்கும். ஆனால் புதிதாக வருபவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நன்றாக வேலை செய்யும் இரண்டு நல்ல சிடி பிளேயர்களுக்கு இடையிலான வித்தியாசம், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைப்பதால் வரும் வித்தியாசத்தைவிடச் சின்னது. டிஏசி சிப்புகள் இந்த நாற்பது வருடத்தில் மலிந்துவிட்டன, வெளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். லென்ஸை அப்படிச் சேர்க்க முடியாது. கிரீடம் வைத்த சிப்பும் கிடைக்காத லென்ஸும் உள்ள பிளேயரா, சாதாரண சிப்பும் கிடைக்கும் லென்ஸும் உள்ள பிளேயரா என்று வந்தால் நான் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வருவேன்.

எண்பதுகளின் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் குறிப்பு. அவற்றில் சிலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற முறையில் மேல்ஸ்தாயியைக் கூட்டிப் பதிந்திருப்பார்கள். பிளேயர் அதைக் கண்டுபிடித்து இறக்கிவிடும். வெளி டிஏசிகள் சில கண்டுகொள்ளாது, ஜால்ரா ஊசியாகக் குத்தும். அப்படிக் குத்தினால் பிளேயரின் சொந்த அனலாக் அவுட்புட்டில் கேட்டுப் பாருங்கள்.

விலை

நான் போடும் கணக்கு எளிது. முழு ஆரோக்கியத்தோடு இருந்தால் அந்த பிளேயருக்கு என்ன கொடுப்பேனோ, அதிலிருந்து ஒரு புது லென்ஸின் விலையையும் மாற்றும் கூலியையும் கழித்துவிடுவேன். லென்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் கழிப்பேன், ஏனென்றால் அந்தச் செலவு இன்றில்லாவிட்டால் மூன்று வருடத்தில் வரும். ரிமோட் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம். 100 வோல்ட் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் விலை. "புதுசுல இது எவ்வளவு தெரியுமா" என்று விற்பவர் ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தொகைக்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தமில்லை.

கிடைக்கும் லென்ஸ் உள்ள பிளேயர் அமைந்துவிட்டால், வாங்கிய வாரமே ஒரு லென்ஸ் கூடுதலாக வாங்கி வைத்துவிடுவது என் வழக்கம். புது லென்ஸ்கள் பலவற்றில் நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்க ஒரு ஈயப் பொட்டு வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள். பொருத்திய பிறகு அந்தப் பொட்டை எடுக்க மறந்துவிட்டு, "புது லென்ஸும் டெட்" என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மெக்கானிக்கிடம் ஞாபகப்படுத்துங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது

உள்ளே தட்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குப்புறக் கவிழ்த்து வைக்காதீர்கள். பல பிளேயர்களின் அடியில் மெக்கானிசத்தை அசையாமல் பூட்டும் திருகுகள் உண்டு, சிலவற்றில் சிவப்பு நிறத்தில் தெரியும். பஸ்ஸிலோ கூரியரிலோ வரும் பிளேயருக்கு அந்தப் பூட்டைப் போடாமல் அனுப்பினால், லென்ஸ் மிதந்துகொண்டிருக்கும் ஸ்பிரிங்குகள் வழியெல்லாம் அடிவாங்கும். கூரியர் என்றால் பெட்டிக்குள் பெட்டி, நடுவில் தெர்மாகோல்.

ஏசி காரில் வந்த பிளேயரை உடனே ஓட விடாதீர்கள், வெளிக்காற்றின் ஈரம் லென்ஸில் பனிபோலப் படியும். இரண்டு மணி நேரம் சும்மா இருக்கட்டும். அப்புறம் காட்டன் பட்ஸில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, லென்ஸை அழுத்தாமல் ஒரு சுற்று. பிரஷ் ஒட்டிய 'லென்ஸ் கிளீனர்' தட்டுகளை நான் தொங்கும் லென்ஸின் பக்கத்தில் விடமாட்டேன்.

பூட்டுத் திருகுகளைக் கழற்றிவிட்டுத்தான் பிளேயரை ஆன் செய்ய வேண்டும். கழற்றிய திருகுகளை ஒரு சின்னக் கவரில் போட்டு, பிளேயரின் அடியிலேயே செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். உங்களிடமிருந்து இதை வாங்கப்போகிறவர் போனில் முதலில் அதைத்தான் கேட்பார்.